ஏசி ஹால் கழிப்பறையின் சாவி

புதுச்சேரியில் குடிக்க இடம் தேடி யாரும் அலைந்ததில்லை. குடித்ததை இறக்க இடம் தேடி அலைந்தவர்கள் ஏராளம், அதில் நானும் ஒருவன். இத்தனைக்கும் நான் உழவர்கரையில் குழாய், பீங்கான், பிளஷ் டேங்க் விற்கிற கடை வைத்திருப்பவன். ஊரில் பாதி வீட்டுக் கழிப்பறைக்கு என் கடைச் சாமான்தான் போயிருக்கிறது என்று மனைவியிடம் பீற்றிக்கொள்வேன். அந்தத் தொழிலில் இருப்பதாலோ என்னவோ, எந்த பாருக்குள் நுழைந்தாலும் விலைப் பலகை என் கண்ணில் படாது. கழிப்பறை எங்கே இருக்கிறது, கதவு மூடுமா, குழாயில் தண்ணீர் வருமா என்றுதான் பார்ப்பேன். பார்த்ததும் கோபம் வரும்.

நானும் என் நண்பனும் சனிக்கிழமை சாயங்காலங்களில் உட்காருகிற பார், பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு பழைய வீட்டில் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பழைய வீடுகள் தெருவில் ஒடுங்கி, உள்ளே நீண்டுகொண்டே போகும். வாசல் பக்கம் ஏசி ஹால். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் வந்து இறங்குகிறவர்களுக்கானது அது. அதைத் தாண்டினால் எங்கள் ஹால்: ஃபேன், பிளாஸ்டிக் நாற்காலி, உள்ளூர் ஆட்கள். அதற்குப் பின்னால் சமையலறை. சமையலறைக்கும் பின்னால் காலி பாட்டில்களை அடுக்கிய முற்றம். முற்றத்து மூலையில் ஒரு இரும்புப் படி. அதில் ஏறி மொட்டை மாடிக்குப் போனால், தண்ணீர்த் தொட்டிக்கும் ஏசி மெஷின்களுக்கும் நடுவில் ஒரு தகரக் கதவு தெரியும். அதுதான் எங்களுக்கான கழிப்பறை.

குடித்தவனை இரும்புப் படியில் ஏற்ற வேண்டும் என்று எந்த மகராசனுக்குத் தோன்றியதோ தெரியாது. முதலில் சமையலறையைக் கடக்க வேண்டும். மாஸ்டர் கொதிக்கிற எண்ணெயில் மீனைப் போட்டுக்கொண்டே, "ஓரமா போங்க சார், ஓரமா" என்பார். ஓரம் என்று அங்கே ஒன்றும் கிடையாது, வெங்காய மூட்டைதான் இருக்கும். அதைத் தாண்டி, பாட்டில் அடுக்கில் இடிக்காமல் நடந்து, கைப்பிடி ஆடுகிற படியில் ஏறி மேலே போய்ச் சேரும்போது, உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருப்பார். அவருக்கு ஒரு அவசரமும் இருக்காது. பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்.

உள்ளே இருக்கிற நிலைமையை நான் தொழில்காரனாகச் சொல்கிறேன். சுவரில் பீங்கான் இருக்கிறது, பீங்கானுக்குக் கீழே இருக்க வேண்டிய குழாய் இல்லை. மேலே விடுவது நேராகக் காலில் விழும். தண்ணீர்க் குழாய்க்குத் திருகு கிடையாது. கட்டுக்கம்பியில் ஒரு பழைய குறடு தொங்கும், அதை வைத்துத் திருப்ப வேண்டும். பக்கத்தில் ஒரு பெயின்ட் வாளி, அதில் அடி விட்ட குவளை. அந்துருண்டையை மட்டும் தாராளமாகப் போட்டு வைத்திருப்பார்கள். நாற்றத்தின் மேல் அந்துருண்டை வாசனை ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு சனிக்கிழமை என் கடையிலிருந்தே நல்ல பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றை எடுத்துப் போய், என் கையாலேயே முடுக்கிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனால் தாழ்ப்பாளும் இல்லை, திருகாணியும் இல்லை. யாரோ வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். எவன் வீட்டிலோ கதவு நன்றாக மூடுகிறது என்று நினைத்து மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

தாழ்ப்பாள் இல்லாததால் அங்கே ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. போகிறவன் தனியாகப் போக மாட்டான். "வாடா, வந்து நில்லு" என்று ஒருவனைக் கூட்டிக்கொண்டு போவான். உள்ளே ஒருவன், வெளியே ஒருவன் காவல். தனியாக வந்தவனுக்கு மேலே நிற்கிற முன்பின் தெரியாத ஆள் காவல் நிற்பார். என் நண்பனுக்கு நான்தான் காவல். அவன் எழுந்தால் நானும் எழுவேன். போன கையோடு நானும் வேலையை முடித்துக்கொண்டு வருவேன்.

நண்பன் கோரிமேட்டு ரூட்டில் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். அடக்குவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. காலையில் வண்டி ஏறினால் மத்தியானம்தான் இறங்குவான். பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளிகள், "அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க, தாங்கல" என்று கெஞ்சினால் மட்டும் டிரைவரைத் திட்டி வண்டியை நிறுத்தச் சொல்வான். தனக்காக ஒரு நாளும் நிறுத்தியதில்லை. அந்தப் பெருமையெல்லாம் அறுபது வயது வரைக்கும்தான் செல்லுபடியானது. அதற்கப்புறம் பிராஸ்டேட் என்றார்கள். அதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது, கூட இருந்து பார்த்துக்கொண்டது நான்தான். இனிமேல் அடக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குடிக்கக் கூடாது என்றும் சொன்னார். அதை மட்டும் நண்பன் பாதி கேட்டான். இரண்டு பாட்டில் பீர் ஒரு பாட்டிலாகக் குறைந்தது.

வேறு பாருக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். போனோம். ஒன்றில் கழிப்பறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. தலையைக் குனிந்து, முதுகை வளைத்து, கும்பிடு போடுகிற மாதிரி நிற்க வேண்டும். இன்னொன்றில் கதவு உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே வருகிற ஒவ்வொருவனும் கதவால் நம் முதுகில் இடிப்பான், அந்த இடியில் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கடற்கரைப் பக்கம் புதிதாகத் திறந்த பப் ஒன்றுக்கும் போய்ப் பார்த்தோம். பாட்டுச் சத்தத்தில் நண்பன் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அங்கே கழிப்பறை முழுக்க நீல விளக்கு. எது சுவர், எது பீங்கான் என்று தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. திரும்பி வரும் வழியில் அவசரம் தாங்காமல் வாய்க்கால் ஓரம் ஒதுங்கலாம் என்று பார்த்தால், சுவர் முழுக்க சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். பிள்ளையார், சிலுவை, பிறை மூன்றும் வரிசையாக இருந்தன. "ஒரு மதத்தையும் விட்டு வைக்கலடா" என்றான் நண்பன், இரண்டு கால்களையும் பின்னிக்கொண்டு.

ஆகவே பழைய பாருக்கே திரும்பினோம். அங்கே பேசினால் கேட்கும், யாரும் சீக்கிரம் எழுந்து போ என்று சொல்ல மாட்டார்கள். படி மட்டும்தான் பிரச்சினை. ஒரு சனிக்கிழமை நண்பன் எழுந்தபோதே முகம் சரியில்லை. சமையலறையில் மாஸ்டர் வழி விடத் தாமதித்தார். முற்றத்தில் யாரோ பாட்டில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நண்பன் படியில் பாதி ஏறியவன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். நான் பின்னால் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி வா, எறங்கலாம்" என்றான். மேலே போகவே இல்லை. மேஜைக்கு வந்து மாலைப் பேப்பரை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பேண்ட் காய்கிற வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. வீட்டுக்கே போனேன். மகன் வீட்டு மாடி அறையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான்.

"இனிமே நான் வரலடா. நீ போய்ட்டு வா" என்றான்.

"ஏன், டாக்டர் கூடாதுன்னுட்டாரா?"

"டாக்டர் எப்பவும்தான் கூடாதுன்றாரு. அது இல்ல. அன்னிக்குப் படியிலயே ஆயிப்போச்சு. நீ பாத்தியோ இல்லியோ."

பார்த்திருந்தேன். பார்க்காதது போல இருந்துவிட்டேன், அவ்வளவுதான்.

அவன் மனைவி தவறிய பிறகு அவனுக்குச் சனிக்கிழமை ஒன்றுதான் வாய் திறக்கிற நாள். மகனும் மருமகளும் நல்லவர்கள்தான். ஆனால் இருவரும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறார்கள். பேரப்பிள்ளை போனோடு சரி. ஊரே ஏறி இறங்கிய பஸ்ஸில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்த மனுஷன் இப்போது ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தச் சனிக்கிழமையும் போய்விட்டால் இவன் அந்த நாற்காலியிலேயே முடிந்துபோவான் என்று எனக்குப் பயம் வந்தது. எனக்கும் அவனை விட்டால் உட்கார்ந்து பேச வேறு ஆள் இல்லை. ஒரு மனுஷனுடைய பேச்சுத்துணை இருக்குமா போகுமா என்பது ஒரு பாரின் கழிப்பறை எந்த மூலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்திருக்கிறது! நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது.

ஏனென்றால் அதே பாரில் இன்னொரு கழிப்பறை இருக்கிறது. ஏசி ஹாலுக்குள், நுழைந்ததும் வலது கைப்பக்கம். எங்கள் மேஜையிலிருந்து ஒரு கதவைத் தாண்டினால் போதும், படி எதுவும் கிடையாது. ஒருமுறை கதவு திறந்திருந்தபோது எட்டிப் பார்த்திருக்கிறேன். வெள்ளை டைல்ஸ், தரையைத் தொடாமல் சுவரில் தொங்குகிற வால் ஹங் கம்மோடு, கையை நீட்டினால் தண்ணீர் வருகிற சென்சார் குழாய், கண்ணாடிக்கு மேலே மஞ்சள் விளக்கு. எல்லாம் விலை உயர்ந்த சாமான், என் கடையில்கூட ஆர்டர் கொடுத்தால்தான் வரும். அது டூரிஸ்ட்டுகளுக்கு மட்டும். பூட்டித்தான் வைத்திருப்பார்கள். சாவி சூப்பர்வைசரின் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். யாரும் மறந்துபோய்ப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று அதில் ஒரு பூரிக்கட்டையைக் கட்டியிருந்தார்கள்.

இந்த சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த பாரில் சப்ளையர்கள் எதையும் எழுதிக்கொள்வதில்லை. இரண்டு ஹாலுக்கும் நடுவில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சூப்பர்வைசர், இடத்தை விட்டு எழாமல், எல்லாவற்றையும் தொண்டையாலேயே நடத்துவார். "ஏழுல ரெண்டு ஆம்லெட்!" "மூணுல தண்ணி கேக்கறாங்க, காது அடைச்சிப்போச்சா?" "ஒம்போதுக்கு உப்பு கம்மியாம்!" டிவி கிரிக்கெட்டையும் ஃபேன் இரைச்சலையும் மீறி அது சமையலறை வரைக்கும் கேட்கும். நாம் கேட்டது என்ன என்று ஹால் முழுவதுக்கும் தெரிந்த பிறகுதான் அது நம் மேஜைக்கு வந்து சேரும். வருஷக்கணக்காக இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு அது சத்தமாகவே தெரியாமல் போய்விட்டது. அதனால்தான் பின்னால் நடக்கப்போவதை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை.

ஒரு வேலை நாள் மத்தியானம், பார் காலியாக இருந்தபோது போய் அவரிடம் சண்டை போட்டேன்.

"ஏசி ஹால் பாத்ரூம் சாவி எங்களுக்கு ஏன் தர மாட்றீங்க? நாங்க என்ன ஓசியிலயா குடிக்கறோம்?"

"சார், அது ஓனர் ஆர்டர். டூரிஸ்ட் மொகம் சுளிப்பாங்க."

"அந்தப் படியில ஒரு நாளைக்கு ஒருத்தன் விழுந்து சாவப் போறான். அப்ப யாரு மொகம் சுளிப்பாங்க?"

"நான் என்னா சார் பண்றது? நான் சம்பளத்துக்கு இருக்கற ஆளு."

அவர் சொன்னதும் நியாயம்தான். பிறகு நான் குரலைத் தாழ்த்தினேன். பக்கத்தில் போய், என் கூட வருபவனுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அடக்க முடியாது, அவனுக்காகவாவது சாவியைக் கொடுங்கள் என்று காதோடு காதாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. தன் அப்பாவுக்கும் இதே தொந்தரவு இருந்தது என்றார். "கூட்டியாங்க சார், நான் பாத்துக்கறேன். அவரு எழுந்தா போதும்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை நண்பனை வலுக்கட்டாயமாகக் கிளப்பினேன். "ஏற்பாடு பண்ணிட்டேன்டா. படியே ஏற வேணாம். யாருக்கும் தெரியாது. வா" என்று சத்தியம் செய்தேன். கறுப்பு பேண்ட் போட்டுக்கொண்டு வந்தான். ஹாலில் நல்ல கூட்டம். எங்கள் வழக்கமான ஏழாம் நம்பர் மேஜையில் உட்கார்ந்தோம். முதலில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தான். பீர் பாதி இறங்கியதும் பேச்சு வந்தது. மருமகள் வைக்கிற சாம்பாரைப் பற்றி, தெருவில் புதிதாக வந்த நாயைப் பற்றி, பழைய முதலாளியின் கஞ்சத்தனத்தைப் பற்றி என்று, அடைத்து வைத்திருந்த பேச்செல்லாம் வெளியே வந்தது. கேட்டுக்கொண்டிருக்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். நான் கல்லாவைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தேன். சூப்பர்வைசரும் புரிந்துகொண்டு தலையை அசைத்தார். ஏசி ஹால் கதவருகே நின்ற சப்ளையர் பக்கம் திரும்பி, ஆம்லெட் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"ஏழாம் நம்பர் பெரியவரு வர்றாரு! ஆபரேஷன் ஆன ஒடம்பு, ஒண்ணுக்கு அடக்க முடியாதாம்! ஏசி ஹால் பாத்ரூமுக்கு விடு, தடுக்காத!"

ஹால் அடங்கிப்போனது. டிவியில் மட்டும் யாரோ பந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லா மேஜையிலிருந்தும் தலைகள் ஏழாம் நம்பர் பக்கம் திரும்பின. இரண்டு இளைஞர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு அந்த சூப்பர்வைசரின் கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. அவரோ தான் செய்த உதவியில் திருப்தியாகச் சாவியை நீட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது இன்னொரு ஆர்டர், வேறு குரலில் சொல்ல அவருக்குத் தெரியாது.

நண்பன் நின்ற இடத்திலேயே நின்றான். காது மடல் சிவந்திருந்தது. இதோடு முடிந்தது, இனி இவன் வீட்டை விட்டே வெளியே வர மாட்டான், கூட்டி வந்த என் முகத்திலும் விழிக்க மாட்டான் என்று நினைத்தேன். வாசல் பக்கமாக நடந்தான். போய்விட்டான் என்றே நினைத்தேன். கல்லா வரைக்கும் போனவன், சூப்பர்வைசர் கையிலிருந்த பூரிக்கட்டையை வெடுக்கென்று பிடுங்கினான். ஹாலைப் பார்த்துத் திரும்பினான்.

"ஆமாம்பா, ஆபரேஷன் ஆன ஒடம்புதான். அடக்க முடியாதுதான். வேற யாருக்கு முடியலயோ எழுந்து வாங்க. சாவி இப்ப என்கிட்ட இருக்குது."

யாரோ சிரித்தார்கள். ஒருவரும் அசையவில்லை. அவன் அப்படியே நின்றான். அடக்கிக்கொண்டு நிற்கிறான் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. அப்போது மூலை மேஜையில், எப்போதும் சட்டையை டக் செய்துகொண்டு தனியாகக் குடிக்கிறவர் ஒருவர், மெதுவாக டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து வந்து நண்பனுக்குப் பின்னால் நின்றார். அதற்குப் பிறகு டிவிக்கு அடியில் இருந்த மேஜையிலிருந்து கைத்தடியோடு ஒருவர் எழுந்தார். கனகசெட்டிக்குளத்திலிருந்து மீன் வேனோடு வந்து போகிறவர், ஆள் மலை மாதிரி இருப்பவர், அவரும் எழுந்தார். நாற்காலிகள் நகர்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நரைத்த தலை எதுவும் உட்கார்ந்திருக்கவில்லை என்றே சொல்லலாம்.

சூப்பர்வைசர் பதறிப்போனார். "சார், சார், நான் ஒருத்தருக்குத்தான் சொன்னேன்!"

"எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான சொன்ன?" என்றான் நண்பன்.

வரிசை ஏசி ஹாலுக்குள் போனது. குளிர் முகத்தில் அடித்தது. இறால் சாப்பிட்டுக்கொண்டிருந்த டூரிஸ்ட்டுகள் முள்கரண்டியைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, என்ன நடக்கிறது என்றுதான் புரியவில்லை. நண்பன் முதலில் போய்விட்டு வந்தான். வந்தவன் கிளம்பவில்லை. கதவருகே பூரிக்கட்டையோடு நின்றுகொண்டு, "தடிக்காரரு மொதல்ல போவட்டும், வழி விடுங்க" என்று ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தான். மனைவி தவறிய பிறகு அவன் குரலில் அவ்வளவு தெம்பை நான் கேட்டதில்லை. இத்தனை வருஷம் ஒரே ஹாலில் உட்கார்ந்து, கிரிக்கெட்டும் அரசியலும் பேசி, ஒருத்தர் கதவுக்கு ஒருத்தர் காவலும் நின்றிருக்கிறோம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் எவனும் எவனிடமும் சொன்னதில்லை.

அதில் நானும் சேர்த்தி. ராத்திரியில் நான் எத்தனை தடவை எழுந்து போகிறேன் என்பது என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். கடையில் கல்லாவை விட்டு நொடிக்கொரு தரம் பின்பக்கம் போவதற்கு ஏதாவது ஒரு ஸ்டாக் பார்க்கிற சாக்குச் சொல்வேன். சனிக்கிழமைகளில் எனக்கு அந்தச் சாக்கு தேவைப்படவில்லை. நண்பன் எழுந்தால் காவலுக்கு என்று எழுந்துவிடலாம். அன்றைக்கு வரிசை குறையட்டும் என்று காத்திருந்து, கடைசிக்கு முந்தின ஆளாக நின்றேன்.

என் முறை வந்ததும் நண்பன் என்னைப் பார்த்தான்.

"நீ எதுக்குடா இங்க நிக்கற? நான்தான் போய்ட்டு வந்துட்டேனே."

"எனக்குத்தான்."

"உனக்கா?" பூரிக்கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "எத்தினி நாளா?"

"உனக்கு முன்னாலேர்ந்தே."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"ஆஸ்பத்திரியில என் கூடவே இருந்த. என் ஒடம்பக் காட்டி அவன்கிட்ட சாவி கேட்ட. இப்ப என் கத ஊருக்கே தெரிஞ்சிப்போச்சு. உன்னுத ஒரு வார்த்த, என்கிட்ட மட்டுமாவது, சொல்ல வாய் வரலியாடா?"

பின்னால் நின்றவர், "பேசறத அப்புறம் பேசுங்கப்பா, தாங்கல" என்றார். நான் நண்பன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனேன். பதில் சொல்லாமல் தப்பிக்க அல்ல. எனக்கு நிஜமாகவே அவசரமாக இருந்தது.